நின்று தாங்கும் வாட்ஸ்

என் கைப்பையின் உள்ஜிப்பில் எப்போதும் ஒரு பென்சில் செல் கிடக்கும். டார்ச்சுக்கோ கடிகாரத்துக்கோ அல்ல. பார்ப்பவர்கள் கிழவிக்கு ஏதோ மறதி என்று நினைத்துக்கொள்வார்கள். நேற்று பஜாரில் புதிதாகத் திறந்திருக்கும் கடையில் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றேன். உடனே உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அக்கா மகன் வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போயிருந்தான். என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. அதன் நெற்றியில் ஆயிரம் வாட்ஸ் என்று பொன்னெழுத்தில் ஒட்டியிருந்தது. உள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவனுக்கு அதைப் பார்த்ததும் கண் நிலைகுத்திவிட்டது. நான் விற்பனைக்கு நின்றவரிடம், "நின்னு தாங்குற வாட்ஸ் எவ்ளோப்பா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மரியாதையான சிரிப்புதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு முன் மெட்ராஸில் ஒருவன் உன்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு அது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் சாவுக்கு உங்கள் ஊரில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் கரகரவென்று அலறியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நீ எழுந்து உட்கார்ந்து, "அத்த மொதல்ல கொறைங்கடா" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாய் என்றே நினைத்தேன். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். போகட்டும்.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஆரணியில் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் அலுவலக எழுத்தர், நிரந்தர வேலை. தறிக்காரர் வீட்டுப் பெண்ணானாலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் என்று கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. நீ ஆய்வக உதவியாளர், தற்காலிகம். தேவிகாபுரம் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி. உங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நீ. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பதுதான் உன் வேலை. நீயோ அதை முடித்துவிட்டு அங்கிருந்த இயற்பியல் புத்தகங்களை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தாய். கெட்டுப்போன பழைய ரேடியோவைப் பிரித்து, ஆம்ப்ளிஃபயருக்கு வயர் கொடுத்து, பள்ளிக் கூட்டங்களுக்கு மைக் கட்டுவதும் மெல்ல மெல்ல உன் வேலையாகிவிட்டது. அதற்கென்று யாரும் ஆணை எழுதவில்லை. எழுதியிருந்தால் நான்தானே டைப் அடித்திருப்பேன்.

அந்த வருஷம் ஆண்டு விழாவுக்குப் புது ஸ்பீக்கர் வாங்க நிர்வாகக் குழு முடிவு செய்தது. குழுவில் பெரிய குரல் பட்டுக்கடை ஐயாவுடையது. அவர் கையைப் பற்றி ஊரே பேசும். புடவையை உள்ளங்கையில் வைத்தால் தராசு தேவையில்லை, எடையைச் சொல்லிவிடுவார். ஜரிகை எவ்வளவு, பட்டு எவ்வளவு என்றுகூடப் பிரித்துச் சொல்வார். மெட்ராஸுக்குப் போய் ஸ்பீக்கரையும் அப்படியே வாங்கிவந்தார். இரண்டு பெட்டிகளையும் தூக்கிப் பார்த்தாராம், மூன்று கடையிலும் இதுதான் கனமாம். வேறு எந்த ஊர்க்காரர்களும் இப்படி வாங்கியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் அன்று ஒருவருக்கும் அதில் தப்பே தெரியவில்லை. நல்ல பொருள் கனக்கும் என்பது தறிக்குழியில் உட்கார்ந்து வளர்ந்தவர்களுக்குப் பாலோடு வந்த நம்பிக்கை. நானும் பெட்டியைத் தூக்க முயன்று, முடியாமல், ஆகா என்றேன்.

நீ மட்டும் பெட்டியைச் சுற்றி வந்து, பின்னால் ஒட்டியிருந்த தாளைப் படித்தாய். எட்டு ஓம்ஸ், ஐம்பது வாட்ஸ் என்றிருந்தது. "வேற ஒண்ணும் எழுதலியே" என்றாய். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விழாவில் சிறப்பு விருந்தினர் பேச எழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்காது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை கிளம்பியது. பிறகு ஒரு ஊளை, பிறகு ஒன்றுமில்லை. மேடையில் விருந்தினர் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எரிந்த வார்னிஷ் நாற்றம் பந்தல் முழுக்கப் பரவியது. நீ ஓடிப்போய் வயரைப் பிடுங்கியதில் விரல் கொப்பளித்துவிட்டது. அதை யாரும் கேட்கவில்லை. வயரைத் தப்பாகக் கொடுத்துவிட்டாள் என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது.

மறுநாள் உனக்கு ஒரு மெமோ போயிற்று. கவனக்குறைவால் பள்ளிச் சொத்துக்குச் சேதம், மூன்று நாளில் விளக்கம். அந்த வாசகத்தை டைப் அடித்தவள் நான். ஒரு பிழை இல்லாமல் அடித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் விரல் கூசுகிறது. வரும் ஜூனில் உன்னை நிரந்தரமாக்கும் பட்டியல் என் மேஜை டிராயரிலேயே இருந்தது. மெமோ நிலைத்தால் அதில் உன் பெயர் இருக்காது. இது உனக்கும் தெரியும்.

தாளைக் கொண்டுவந்து உன் மேஜைமேல் வைத்துவிட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ இரண்டு முறை படித்தாய்.

"வேல போச்சுன்னா எங்கம்மாகூட நடவுக்குப் போவேன்மே, அது ஒண்ணும் பேஜார் இல்ல. அவளுக்கு இன்னா தெரியும்னு சொல்லிகினு போறாங்க பாரு, அத்தத்தான் என்னால தாங்க முடியல."

உன் குரல் உடைந்ததை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு விளக்கம் எழுதிக் கொடுத்தாய். ஒரே வரி. பெட்டிகளைக் குழுவினர் முன்னிலையில் திறந்து பார்க்க அனுமதி வேண்டும் என்று. அதையும் நான்தான் டைப் அடித்தேன். இந்த முறை கொஞ்சம் அழுத்தியே அடித்தேன்.

தலைமையாசிரியை அறையில் குழுவின் ஐந்து பெரியவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். குறிப்பெடுக்க நான் ஓரத்தில். நீ நின்றுகொண்டிருந்தாய். அந்த அறையில் ஆய்வக உதவியாளர் உட்கார்ந்த வரலாறு கிடையாது. கையில் ஆய்வகத்து மீட்டரும் ஒரு ஸ்குரூ டிரைவரும். ஓம்ஸ் என்றால் என்ன என்று முதலில் சொன்னாய். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்குக் காட்டுகிற எதிர்ப்பு அது. அந்த எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்குச் சுமை ஏறும். எட்டு, எட்டு என்று இரண்டைச் சேர்த்துக் கட்டினால் நாலாகும், நம் ஆம்ப்ளிஃபயர் நாலைத் தாங்கும், அப்படித்தான் கட்டினேன் என்றாய். பிறகு மீட்டரின் இரண்டு வயர் முனையையும் பெட்டியின் பின்னால் வைத்தாய். மீட்டர் எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும், எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஆறு, ஆறரை காட்ட வேண்டும் என்றாய். முள் மூன்றில் நின்றது.

மீட்டர் கெட்டுப்போயிருக்கும் என்று ஒருவர் சொன்னார். நீ பின்பலகையின் திருகுகளைக் கழற்றினாய். எட்டுத் திருகு. ஒவ்வொன்றாக என் குறிப்பேட்டின்மேல் வைத்தாய். பலகை வந்ததும் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பெட்டியின் அடியில் கோணித்துணி. அதைத் தூக்கினால் இரண்டு விரற்கடை கனத்தில் ஒரு சிமெண்டுப் பலகை. ஸ்பீக்கரின் காந்தம் ஒரு அச்சுவெல்லம் அளவுதான் இருந்தது. அதன் இரும்பு விளிம்பில் செய்தவன் குத்திய எண் ஒன்று இருந்தது. நாலு.

"வெளிய ஒட்டினது விக்கிறவன் பேச்சுங்க. உள்ள குத்தினது செஞ்சவன் பேச்சு. நாலும் நாலும் சேர்ந்தா ரெண்டுதாங்க ஆவும். ஒரு மாட்ட ரெண்டு ஏர்ல பூட்டினா மாடுதான சாயும்?"

நீ ஜெயித்துவிட்டாய். நான் நிமிர்ந்து பட்டுக்கடை ஐயாவைப் பார்த்தேன். ஊரே கொண்டாடுகிற கையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிமெண்டுப் பலகையையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் செத்துவிட்டது. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பேன், அவ்வளவு ஆத்திரம் எனக்கு. நீ அவர் பக்கம் திரும்பினாய்.

"நூலுக்குக் கஞ்சி ஏத்தி எடை கூட்டி வுடுவாங்களே, அந்த மாதிரிங்க ஐயா இது. உங்க கைமேல தப்பு இல்லீங்க. இந்த ஊர்க்காரங்க தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவாங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது."

கஞ்சி ஏற்றிய நூலைக் கண்டுபிடித்து எத்தனை பேரை அவர் கடைப் படியிலிருந்து இறக்கிவிட்டிருப்பார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. தலைமையாசிரியையைப் பார்த்து, "மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கம்மா" என்றார்.

நீ உட்கார்ந்தாய். நாற்காலியின் நுனியில்தான், ஆனாலும் உட்கார்ந்தாய். மெமோ ரத்து ஆணையை அன்று மாலையே அடித்தேன். மூன்று பிரதி போதும். நான் கார்பன் வைத்து நாலு எடுத்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புது செட் வாங்க நீதான் போக வேண்டும் என்றார் ஐயா. துணைக்கு நான். அவரும் வந்தார், இந்தத் தடவை தூக்க மாட்டேன், பார்க்க மட்டும் செய்வேன் என்று சொல்லிக்கொண்டு. விடியல் பஸ்ஸில் உன் ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதில் தயிர்சாதம், மீட்டர், ஒரு டார்ச் செல், இரண்டு துண்டு வயர். வந்தவர்களெல்லாம் அந்த மீட்டரையே பார்த்தார்கள். போகும் வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தாய். வாட்ஸ் என்பது ஸ்பீக்கர் கொடுக்கிற சத்தம் இல்லை, அது தாங்குகிற சுமை. அதிலும் இரண்டு வகை, மணிக்கணக்காக நின்று தாங்குவது ஒன்று, ஒரே ஒரு துள்ளல் துள்ளிவிட்டுச் சாய்வது இன்னொன்று. கெட்டிக்காரக் கடைக்காரன் துள்ளுகிற கணக்கைத்தான் பெரிதாக எழுதுவான். நல்ல கம்பெனி தனியாக ஒரு தாளே அச்சடித்துக் கொடுக்கும். "எழுதினதப் படி, எழுதாததக் கேளு" என்றாய். கேட்டுக் கேட்டு எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மெட்ராஸில் நாம் நுழைந்த கடையில், கல்லாவில் இருந்தவர் ஐயாவிடம் மட்டுமே பேசினார். அறுபது வாட்ஸ் பெட்டி ஒன்றைக் காட்டி, இதைப் போட்டால் நாலு தெருவுக்குக் கேட்கும் என்றார். ஐயா உன்னைக் கைகாட்டினார். அப்போதுதான் கல்லாக்காரர் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"நின்னு தாங்குற வாட்ஸா, ஒருதரம் துள்ளுற வாட்ஸாங்க?"

சிரிப்பு நின்றது. நீ நிறுத்தவில்லை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் கேட்கும், அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றாய். அவர் உள்ளே போய் மூத்த மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்தார். அந்த மனுஷர் உன்னிடம் ஐந்து நிமிஷம் பேசியதும் அலமாரியின் பூட்டைத் திறந்து, அச்சடித்த தாள்களை எடுத்து விரித்தார். அறுபது வாட்ஸ் பெட்டியின் தாளில் நின்று தாங்குவது இருபத்தைந்து என்றிருந்தது. மூலையில் நின்ற ஒல்லியான நெடும்பெட்டிக்கு இருபதுதான், ஆனால் டெசிபல் ஆறு கூட. மூன்று டெசிபல் கூடினால் பாதி வாட்ஸில் அதே சத்தம் வரும் என்று எனக்கு விளக்கினாய். ஆறு கூடினால் கால்வாசி போதும். அன்றுதான் எனக்கு உன் கணக்கு புரிந்தது. பெரிய எண்ணைப் பார்த்து மயங்கியிருந்தால் மறுபடியும் ஏமாந்து வந்திருப்போம்.

தாளை மட்டும் நம்பவில்லை நீ. டார்ச் செல்லை எடுத்து வயரால் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் தொட்டாய். உள்ளே காகிதக் கூம்பு முன்னால் எம்பியது. சேர்த்துக் கட்டும் இரண்டு பெட்டியிலும் ஒரே பக்கம் எம்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் சத்தத்தை மற்றொன்று விழுங்கும் என்றாய். பிறகு என் கையில் மைக்கைக் கொடுத்து, பத்தாம் வகுப்பு வருகைப்பதிவைச் சொல்லச் சொன்னாய். நான் மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். "நீ தினம் பார்க்குற பேருதானமே, படி" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குக் கடையைத் தாண்டி, சந்தின் கோடிக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். வாயைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது உன் கட்சி.

சாந்தி, காந்தி, வசந்தி, ஜெயந்தி என்று ஆரம்பித்தேன். மெக்கானிக் எடுத்துவைத்த இன்னொன்றையும் சேர்த்து மூன்று ஸ்பீக்கரிலும் முப்பத்தெட்டுப் பெயரையும் சொல்லவைத்தாய். மூன்றாவது சுற்றில் என் கூச்சம் போயே போய்விட்டது. சந்தில் போனவர்கள் நின்று கேட்டார்கள். திரும்பி வந்தவள் நெடும்பெட்டியைக் காட்டினாய். மற்ற இரண்டிலும் சாந்தியும் காந்தியும் ஒரே ஆளாகிவிட்டார்களாம்.

ஐயாவால் கையை அடக்க முடியவில்லை. நெடும்பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கைல ஒண்ணுமே தெரியலியே?"

"இது கைக்கு இல்லீங்க ஐயா, காதுக்கு."

மூத்த மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். ஐயாவும் சிரித்தார். பெட்டிகள் இரண்டையும் பஸ்வரை அவரே தூக்கிவந்தார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு உன் அம்மாவை வரச் சொல்லியிருந்தாய். முன்வரிசையில் இடம் போட்டு வைத்திருந்தும் அவர் வர மறுத்து, கேட்டை ஒட்டிக் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்துவிட்டார். நடவு முடித்து நேராக வந்திருந்தார், காலில் சேறு காய்ந்திருந்தது. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எதிரில் இருந்தால்கூடக் கேட்காத குரல், மைக்கில் வரவேற்புச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நெய்தவர்கள் மதில் பக்கம் வந்து கேட்டார்கள் என்று மறுநாள் என் அப்பா சொன்னார். நாலு தெருவுக்கு அலறாமல் ஒரு தெருவுக்குப் புரிந்தது.

நன்றியுரை அந்த வருஷம் எனக்கு வந்தது. மெட்ராஸ் சந்தில் கூச்சம் தெளிந்தவள் என்று நீதான் தலைமையாசிரியையிடம் சொல்லிவைத்திருக்கிறாய். எழுதிக் கொடுத்த தாளில் பந்தல்காரர்வரை பெயர் இருந்தது, உன் பெயர் இல்லை. கடைசி வரியைப் படித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். இந்த ஒலிபெருக்கியைத் தன் அறிவால் தேர்ந்து கொடுத்தவர் என்று சொல்லி, உன் பெயரை, தகப்பனார் பெயரோடு, ஊர்ப் பெயரோடு, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். மெமோ டைப் அடித்த அதே ஆள்தான். ஐயா முதலில் கை தட்டினார். நீ ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து ஏதோ திருகுவதுபோல் பாவனை செய்தாய். திருக அங்கே ஒன்றுமே இல்லை, எனக்குத் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் உன் அம்மா என்னைத் தேடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அங்கியே கேட்டுச்சும்மா, எம்மொவ பேரு. அவங்கப்பா பேரும் கேட்டுச்சு" என்றார்.

மெமோ ரத்தான வருஷம் ஜூனிலேயே நீ நிரந்தரமாகியிருந்தாய். அதற்குப்பின் எண்பதுகள் முழுவதும் ஆரணியில் பாட்டுக்கு டெக் வாங்குகிறவர்கள், மைக்செட் வைக்கிறவர்கள், வந்தவாசிப் பக்கத்துக் கல்யாணக்காரர்கள் என்று உன் ஆய்வகத்து வாசலில் தாளோடு வந்து நிற்பார்கள். ஐயா தன் மகள் கல்யாணத்துக்கு உன்னைக் கேட்காமல் ஒரு குழாயும் கட்டவிடவில்லை. அவளுக்கு இன்னா தெரியும் என்ற ஊர், அவளைக் கேட்டியா என்று பேச ஆரம்பித்தது. எனக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்வாய்.

ரத்து ஆணையின் நாலாவது பிரதி என் பெட்டியில் இருக்கிறது. கார்பன் மை மங்கிவிட்டது. மெமோ அடித்த கை இதையும் அடித்தது என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளத்தான் வைத்திருந்தேன். உன் நினைவாகக் கைப்பையில் கிடக்கும் செல்லை மட்டும் வருஷா வருஷம் புதிதாக மாற்றுகிறேன்.

நேற்றைய கடைக்கு வருகிறேன். சிரித்த மனிதர் பெட்டியைக் கவிழ்த்து, பின்னால் எறும்பெழுத்தில் இருந்ததைச் செல்போன் வெளிச்சத்தில் தேடினார். நின்று தாங்குவது நாற்பது. அவரே கொஞ்சம் அசந்துதான் போனார். அக்கா மகன் பொன்னெழுத்தை மறுபடி பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் சித்தி?" என்றான்.

இந்த மடலில் உன் பெயரை நான் எழுதவில்லை. எழுத்தில் அது சின்னதாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கடையில், இருந்த ஸ்பீக்கரையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, தகப்பனார் பெயரோடு, ஊர்ப் பெயரோடு சொன்னேன். வாசலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.